அந்தப் பக்கத்துக் கதவு

ஜூன் 10, செவ்வாய்

பாலக்கரை அக்னஸ் டீச்சருக்கும் அவர் மகள் பிரான்சிக்கும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. சனிக்கிழமை காலை, காபி குடித்த கையோடு, அதை நான் அடைத்துவிட்டேன். டீச்சரைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.

இன்று டீச்சர் வெயிலில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே போனை நீட்டினார்.

"அண்ணே, நாலு நாளா போன்ல பிரான்சியோட பக்கமே வர மாட்டேங்குது. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா, பாருங்களேன்."

வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பார்க்க என்ன இருக்கிறது? எனக்குத்தான் தெரியுமே. "நெட்டு சரியில்லை டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் மனைவி வள்ளி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "உங்களுக்குத்தான் தொந்தரவு" என்று சொல்லிக் கிளம்பினார்.

அறுபத்தெட்டு வயதில் ஒரு டீச்சரிடம் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் என் பக்கம் நியாயம் எவ்வளவு என்று எனக்கே தெரிந்துவிடும்.

எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. பாலக்கரையில் டிவி மெக்கானிக் கடை. ரேடியோ, டிவி ரிப்பேர் எல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். கற்றதையெல்லாம் தமிழில் படத்தோடு, ஊரே படமும் சேதியும் போடும் அந்தப் பெரிய கம்பெனியின் தளத்தில் வருடக்கணக்கில் எழுதினேன். எங்கெங்கிருந்தோ பையன்கள் சந்தேகம் கேட்பார்கள். ஒருநாள் காலை பக்கத்தையே காணோம். "விதிமீறல்." எந்த விதி? சொல்லவில்லை. எழுதிக் கேட்டால் மெஷின் பதில் போட்டது. போய் நின்று கேட்க ஒரு ஆபீஸ் கிடையாது, ஒரு மனிதன் கிடையாது.

ரோஷம் வந்துதான் சொந்தமாகத் தளம் ஆரம்பித்தேன். காவேரிக்கரை. தளத்தை ஓட்டும் சர்வர் பெட்டி எங்கள் வீட்டு ஷோகேஸில், பழைய டிவி இருந்த இடத்தில் ஓடுகிறது. டீச்சரைச் சேர்த்தபோது அவர் கேட்டார்: "உங்க தளத்துல இருந்தா உங்க ஆளுங்களோட மட்டும்தானே பேச முடியும்?" நான் சொன்னேன்: "டீச்சர், நீங்க ஒரு கம்பெனி சிம், உங்க தங்கச்சி வேற கம்பெனி சிம். பேசிக்கிறீங்கள்ல? அதே மாதிரிதான் இதுவும். உலகம் பூரா இப்படிச் சின்னச் சின்னத் தளம் ஆயிரக்கணக்குல இருக்கு. எதுல இருந்தாலும் எல்லாரோடவும் பேசலாம். யாரும் யாரையும் விரட்ட முடியாது." கடைசி வாக்கியத்தை எல்லோரிடமும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

முதலில் எங்களைப் பைத்தியம் என்றார்கள். பிறகு கல்லூரிகள் தளம் வைத்தன. நகைக்கடைக்காரர் வைத்தார். பேப்பரில் வந்தது. கடைசியில் அந்தக் கம்பெனியும் தன் வாசலைத் திறந்துவிட்டது. அங்கே இருப்பவர்களை நாங்கள் இங்கிருந்தே பின்தொடரலாம், அவர்களும் எங்களை. வெற்றிதானே? தளத்தை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும் தர்ஷினி லட்டு வாங்கி வந்தாள். எனக்கு லட்டு இறங்கவில்லை. என்னை விரட்டியவன் என் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறான்!

போன சனிக்கிழமை அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தக் காவேரிக்கரைங்கிறது அந்தக் கம்பெனியோட திருச்சி கிளையா?"

கிளையா!

கம்பெனியின் மொத்தத் தளத்துக்கும் தடை போட்டேன். பொத்தானை அழுத்துமுன் எச்சரிக்கை வரும்: இத்தனை பேருடைய தொடர்புகள் அறுபடும், பிறகு தடையை நீக்கினாலும் தானாகத் திரும்பி வராது, நிச்சயம்தானா என்று. படிக்காமல் அழுத்தினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். அது எனக்கு ஒரு எண்ணாகத் தெரிந்தது. பாலக்கரையில் ஒரு வீடாகத் தெரியவில்லை.

நியாயம் இருக்கிறது. என் பக்கமும் இருக்கிறது. ஆனால் எழுதி முடித்தபின் நினைத்த அளவுக்கு இல்லை.

ஜூன் 12, வியாழன்

காவேரிக்கரையின் முதல் பக்கத்தில் முதல் விதி, நானே எழுதியது: "கேட்காமல் இங்கே யாரையும் வெளியேற்ற மாட்டோம்."

இன்று அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

தர்ஷினி வந்தாள். இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் பெண். தேவதர்ஷினி என்று முழுப் பெயர். உட்காரக்கூட இல்லை.

"சார், தடையை எப்ப எடுக்கப் போறீங்க?"

"எடுக்க மாட்டேன். அவன் திருடன்மா."

"திருடனா இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பக்கம் இருக்கிற எங்க சித்தியும் திருடியா?"

நான் ஷோகேஸ் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே சொன்னாள்: "அவங்க உங்களைக் கேக்காம தூக்குனாங்க. நீங்க எங்களைக் கேக்காம தூக்கிட்டீங்க. என்ன வித்தியாசம் சார்? அவங்ககிட்ட ஏசி இருக்கு, அவ்வளவுதான்."

போகச் சொன்னேன். போய்விட்டாள். அவள் பேச்சு மட்டும் போகவில்லை.

ஜூன் 14, சனி

டீச்சர் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். வள்ளி எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் வந்தாள்.

பிரான்சி ஐந்து வருடம் முன்பு சர்ஃபராஸ் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஷார்ஜா போனது எனக்குத் தெரியும். அவள் அப்பா செபஸ்தியான் "இந்த வாசப்படியை இனிமே மிதிக்காதே" என்றது பாலக்கரைக்கே தெரியும். பிரான்சி போன் நம்பரை மாற்றிவிட்டாள். அந்தக் கம்பெனித் தளத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறாள், பூட்டுப் போட்டு. அவள் அனுமதித்தால்தான் உள்ளே பார்க்க முடியும். டீச்சர் எங்கள் தளத்திலிருந்து கேட்டுக் காத்திருந்து, ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அதுவரை எனக்குத் தெரியும். அனுமதி வந்த அன்று கடையில் லட்டு வாங்கிக் கொடுத்தவர் டீச்சர். கம்பெனித் தளத்திலிருந்து வந்த அனுமதி அது என்பதை நான் எப்படி மறந்தேன்?

தெரியாதது, வள்ளி இன்று வந்து சொன்னது இது. ஆறு மாதம் அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பிரான்சி குழந்தை படம் போடுவாள். டீச்சர் ஒரு இதயக் குறி போடுவார். அவ்வளவே. நான் தடை போட்டதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, குழந்தை அஃபீஃபா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தின் கீழே டீச்சர் முதல் முறையாக எழுதியிருக்கிறார்: "அப்பா பாக்கணும்னு சொல்றாரு."

மறுநாள் காலை அம்மா அவள் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டார்.

அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள்? அப்பா பார்த்துவிட்டார், அம்மாவைத் திட்டி விலக வைத்துவிட்டார்—வேறென்ன நினைப்பாள்? இல்லாவிட்டால் அம்மாவே எழுதிவிட்டுப் பயந்து ஓடிவிட்டாள் என்று நினைப்பாள். செபஸ்தியான் மேல் ஏற்கெனவே இருக்கிற பழியோடு என் பழியையும் ஏற்றி வைத்திருக்கிறேன். அந்த மனுஷன் அஞ்சு வருஷம் கழிச்சு இறங்கி வந்த மறுநாளா நான்... என்ன மனுஷன்டா நீ அம்மாசி.

ஜூன் 15, ஞாயிறு

தடையை எடுத்துவிட்டேன். இரண்டு சொடுக்கு. செவ்வாயன்றே எடுத்திருக்கலாம். ஐந்து நாள் ரோஷத்தை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்துவிட்டது. போன தொடர்புகள் வரவில்லை. எச்சரிக்கையில் சொன்னபடியே.

ஜூன் 16, திங்கள்

பாலக்கரை போனேன். செபஸ்தியான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். பேப்பரை இப்போதும் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதுபோல்தான் பிடிப்பார். நின்றபடியே சொன்னேன். நெட்டு சரியில்லை என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்தே சொன்னேன். டீச்சர் உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

செபஸ்தியான் பேப்பரை மடித்தார்.

"யோவ். நான் ஒரு தடவை கதவைச் சாத்துனேன். அஞ்சு வருஷமா அனுபவிக்கிறேன். என் வீட்டுக் கதவைச் சாத்த நீ யாருய்யா?"

"தப்புதான்."

"தெருவுக்கு ஒரு முட்டாள் போதாதா? ஸ்ரீரங்கத்துலேர்ந்து வேற ஒருத்தன் பஸ் ஏறி வரணுமா?"

டீச்சர் போனை வாங்கி மறுபடி அனுமதி கேட்டு அனுப்பினேன். "காத்திருக்கிறது" என்று வந்தது. அந்த எழுத்தை டீச்சர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

கிளம்பும்போது செபஸ்தியான் மெதுவாகக் கேட்டார்: "அவ பாத்தாளாய்யா? 'அப்பா பாக்கணும்னு சொல்றாரு'ன்னு இவ எழுதுனதை? பாத்துட்டுத்தான் சும்மா இருக்காளா, பாக்கவே இல்லையா?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

ஜூன் 18, புதன்

தளத்தில் அறிவிப்பு எழுதினேன். "யாரையும் கேட்காமல் நான் கதவை அடைத்தேன். உங்கள் ஆட்கள் உங்களைவிட்டுப் போகவில்லை, நீங்களும் அவர்களைவிட்டுப் போகவில்லை. அறுத்தது நான்." கம்பெனியைத் திட்டி ஒரு வரி சேர்த்தேன். பிறகு எடுத்தேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒருவர்கூட இப்போது எங்களைப் பின்தொடரவில்லை. எல்லாவற்றையும் நான்தான் அறுத்துவிட்டேனே. என் மன்னிப்பு என் வீட்டு ஷோகேஸைத் தாண்டாது.

ஜூன் 20, வெள்ளி

காத்திருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

முசிறி வள்ளிக்கண்ணு பேசினாள். வாழைநாரில் கூடை பின்னி விற்பவள். வாங்குபவர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். கோபமே இல்லாமல் பேசினாள்.

"அண்ணே, நான் வேற தளத்துக்கு மாறிக்கிறேன். நீங்கதானே சொன்னீங்க, புடிக்கலைன்னா சாமானைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடலாம், நம்மளைத் தெரிஞ்சவங்க பின்னாடியே வந்துருவாங்கன்னு. கம்பெனியில அது முடியாது, நம்மகிட்ட முடியும்னு."

"சொன்னேன்."

"அதான். போயிட்டு வரேண்ணே."

இந்த ஏற்பாட்டின் அருமையே இதுதான் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அருமைதான். அவளோடு இன்னும் பலர் போனார்கள். எப்படிப் போவது என்று நான் எழுதி வைத்த குறிப்பைப் படித்துத்தான் போனார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

டீச்சர் தினமும் காலை ஜெபம் முடித்துப் போனைப் பார்க்கிறாராம். "காத்திருக்கிறது." செபஸ்தியான் கேட்பதில்லை, ஆனால் அந்த நேரம் அந்த அறையில் வந்து சாவி தேடுகிறாராம்.

ஜூலை 3, வியாழன்

தர்ஷினியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நன்றாக இருந்தது. அவளுக்கு. எனக்கு இல்லை.

"சார், எல்லாருக்கும் சேத்து எழுதுனது போதாது. அந்தப் பொண்ணுக்கு நீங்களே நேரா எழுதுங்க. தனி மெசேஜா. பூட்டுன பக்கமா இருந்தாலும் மெசேஜ் வரும். தெரியாத ஆள்னு ஒரு ஓரமாப் போட்டு வைக்கும். என்னைக்காவது பாப்பாங்க."

அந்தக் கம்பெனி இருக்கும் திசைக்கு ஒரு எழுத்துக்கூட அனுப்புவதில்லை என்பது என் வைராக்கியம். ஏழு வருடம்.

ஜூலை 5, சனி

எழுதினேன். வள்ளியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏங்க, இதுல அந்தப் புள்ளை எங்க இருக்கு? கம்பெனிதான் இருக்கு."

திரும்பப் படித்தேன். மூன்று பத்தி கம்பெனி எனக்குச் செய்த அநியாயம். கடைசியில் அரை வரி பிரான்சி.

"நீங்க மன்னிப்புக் கேக்குறீங்களா, மன்னிப்பு வாங்கப் போறீங்களா?" என்றாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடம் ஆகிறது. இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டுக் கீரைக் காம்பைக் கிள்ளிப் போட இவளால்தான் முடியும்.

ஜூலை 6, ஞாயிறு

அனுப்பியது இவ்வளவுதான்:

"பிரான்சி, நான் டிவி கடை அம்மாசி மாமா. உன் அம்மா உன்னைவிட்டு விலகவில்லை. உன் அப்பா விலகச் சொல்லவும் இல்லை. தளம் என்னுடையது, யாரையும் கேட்காமல் கதவை அடைத்தவன் நான். அம்மா எழுதியது உண்மை. மறுபடி உன்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாள்."

டீச்சரைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். இந்த முறை கேட்டேன்.

ஜூலை 12, சனி

பதில் இல்லை. 

முன்பு கம்பெனிக்கு எழுதிவிட்டு இப்படித்தான் காத்திருந்தேன். அப்போது நான் குற்றம் செய்யாதவன். காத்திருப்பது சுலபமாக இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

செபஸ்தியான் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஷோகேஸ் முன்னால் நின்று சர்வரைப் பார்த்தார். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"இதானா அது?"

"இதான்."

"இத்தனூண்டு டப்பாவை வச்சுக்கிட்டா இவ்வளவு ஆட்டம் போட்ட?"

வள்ளி சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கத்துனா கேக்குமாய்யா அங்க?" என்றார். கேக்காது என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

பதில் வந்திருக்கிறது.

"நீங்க அம்மாசி மாமாதான்னு நான் எப்படி நம்புறது? யார் வேணா யார் பேர்ல வேணா எழுதலாம். எங்க அப்பாவே ஆள் வச்சு எழுதச் சொல்லியிருக்கலாம். ஒண்ணு கேக்குறேன். எங்க வீட்டு டிவியைத் திறந்தப்ப உள்ள இருந்த பல்லி முட்டையை எங்க வச்சோம்?"

அவள் அப்போது ஒன்றாவதோ இரண்டாவதோ. நான் முட்டையைத் தூக்கி எறியப் போனேன். ஒரே அழுகை. அதோடு டிவியின் பின்மூடியை எத்தனை தடவை மூடினாலும் திரும்பத் திறக்கச் சொன்னாள், உள்ளே இன்னும் முட்டை இருக்கிறதா பார்க்க.

பதில் எழுதினேன்: "பின்பக்கம் மல்லித் தொட்டியில். உன் அப்பாவுக்குத் தெரியாமல். தண்ணீர் ஊற்றாதே என்று நான் சொல்ல, நீ செடிக்குக் குடை பிடித்தாய்."

ஜூலை 28, திங்கள்

காலையில் டீச்சர் போன். "அண்ணே" என்று ஆரம்பித்தார். அதற்குள் செபஸ்தியான் போனை வாங்கிக்கொண்டார்.

"பூட்டைத் திறந்துட்டாய்யா."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் காலெடுத்து வைக்க இடமில்லை, வள்ளி மட்டும் போய் வந்தாள். நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கம்பெனி மேல் என் கருத்து மாறவில்லை. அவன் செய்தது அநியாயம்தான். வள்ளிக்கண்ணு திரும்பவில்லை, கேட்கவும் எனக்கு முகமில்லை. அறுந்ததில் பலது அறுந்ததாகவே இருக்கிறது. அந்த வீடுகளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இனி ஆக வேண்டியவை:

தர்ஷினி — சர்வரின் கடவுச்சொல்லை இன்றே மாற்றட்டும். புதியதை என்னிடம் சொல்ல வேண்டாம். எந்தத் தளத்துக்கும் தடை போடுவதானால் முதலில் எல்லோரையும் கேட்க வேண்டும். அவளோடு இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் நானாக இருக்கக் கூடாது.

நான் — முதல் விதியின் கீழே, அதை முதலில் மீறியவன் யார் என்று எழுதி வைப்பது. வருகிறவர்கள் படிக்கட்டும். வள்ளிக்கண்ணுவின் புதுத் தளத்தில் அவள் கூடையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது.

அக்னஸ் டீச்சர் — ஒன்றும் செய்ய வேண்டாம். செய்ய வேண்டியதையெல்லாம் இத்தனை வருடம் அவர்தான் செய்தார்.

சர்ஃபராஸ் — லீவு கிடைத்துவிட்டதாம், பிரான்சியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறான். பாவம், அந்த வீட்டுக்குள் முதல் முறை வருகிறான். யார் என்ன சொன்னாலும் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

வள்ளி — அஃபீஃபாவுக்குக் குட்டி சைக்கிள் பார்த்து வைக்கச் சொன்னார்கள். பாலக்கரையில் பார்க்கலாம்.

செபஸ்தியான் — ஷார்ஜா விமானம் இறங்கும் அன்று ஏர்போர்ட்டுக்கு அவரேதான் போக வேண்டும். டீச்சரை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் இறங்கி, வாசப்படிக்கு உள்ளே போய் நின்றுகொண்டு, "வாம்மா" என்று கூப்பிட வேண்டும். அவர் வாயால். அதுவரை அந்தப் பெண் காரைவிட்டு இறங்க மாட்டாள். இறங்கவும் வேண்டாம்.